இரண்டு பானை மீன்

என் ஒன்பதாவது வயதில் பண்ணாடி வீட்டிலிருந்து மூன்று மீன்களை எடுத்தேன். எடுத்தேன் என்பது நான் சொல்கிற சொல். அம்மா வேறு சொல் சொன்னாள். சேற்றில் தூக்கி எறிந்ததை எடுத்தால் அது எப்படித் திருட்டாகும் என்று இன்றைக்கு நான் வக்கீல் மாதிரி வாதாடலாம். அன்று எங்கள் வளவில் அந்த வாதம் எடுபடாது. பண்ணாடி வீட்டுக் குப்பையும் பண்ணாடி வீட்டுச் சொத்துதான்.

சங்ககிரிக் கோட்டை மலை மேற்கே தெளிவாகத் தெரிகிற ஊர் எங்களுடையது. ஊர் என்றால் நிலம் வைத்திருந்தவர்கள் குடியிருந்த இடம். அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்கும் கொஞ்சம் அப்பால், கல்லுக்குழியை ஒட்டி, எங்கள் வளவு. பதினோரு குடிசைகள். நிலத்துக்காரரைப் பண்ணாடி என்போம், அவர் மனைவியைப் பண்ணாடிச்சி என்போம். நேரில் பேசினால் இரண்டு பேரும் 'சாமி'தான். அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையும் எங்களுக்குச் சாமிதான். அவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சும்போது சாமி என்பார்கள். எங்களைக் கூப்பிட 'ஏ புள்ள', 'டேய்' போன்றவை இருந்தன. கோபம் வந்தால் இன்னும் சில இருந்தன.

அப்பா பண்ணாடியின் தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினார். அம்மா அவர்கள் கட்டுத்தரையில் சாணி அள்ளினாள். நான் அம்மாவுக்கு வால்.

பண்ணாடியின் மகன் மதராஸில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். சின்னப் பண்ணாடி. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு பங்குனியில் லீவுக்கு வந்தவர், தகரச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி பதித்த தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். அதற்குள் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். ஒவ்வொன்றின் வாலும் கல்யாணச் சீலையில் கிழித்த துண்டு மாதிரி சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. நான் சீலைமீன் என்று வைத்துக்கொண்டேன்.

தொட்டி வீட்டுக்குள் இருந்தது. நாங்கள் உள்ளே போக முடியாது. தண்ணீர் மாற்றுவதற்காக வாசலுக்குத் தூக்கிவரும் நாளில்தான் எனக்குத் தரிசனம். அப்படி ஒரு நாளில் சின்னப் பண்ணாடி தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, மூன்று மீன்களை மட்டும் பிடித்து வெளியே எறிந்தார். அவற்றுக்கு நிறமே இல்லை. சாம்பல் நிறம், பருத்த வயிறு, வயிற்றின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. கடைக்காரன் வாய்க்கால் மீனைக் கலந்து ஏமாற்றிவிட்டான் என்று அவர் பண்ணாடிச்சியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவை மாட்டுத் தொட்டிக்கு அருகே சேற்றில் விழுந்து துள்ளின. எல்லாரும் உள்ளே போகும்வரை நான் நின்றேன். அந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. பிறகு ஒரு கொட்டாங்குச்சியில் மாட்டுத் தொட்டித் தண்ணீரை மொண்டு, மீன்களை எடுத்துப் போட்டு, பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினேன். வழியில் ஒன்று செத்துவிட்டது. இரண்டு பிழைத்தன. குடிசைக்குப் பின்னால் வாய் உடைந்த பானை ஒன்று கிடந்தது. அதில் விட்டேன்.

சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. பானைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "வேலியில போற ஓணான எடுத்து மடியில உட்டுக்கிட்டயே புள்ள" என்றாள். அப்பாவைக் கட்டிவைத்து அடித்தால் நீ போய் அவிழ்ப்பாயா என்று கேட்டாள். விடிந்ததும் இரண்டையும் கல்லுக்குழியில் கொட்டிவிட வேண்டும் என்றாள். விடிந்தது, அவளுக்கு வேலை இருந்தது. மறுநாளும் வேலை இருந்தது. ஏழை வீட்டில் எதையும் உடனே செய்துவிட நேரம் கிடைக்காது. மீன்களுக்கு அது நல்லதாகப் போயிற்று.

எட்டாம் நாள் காலையில் பானைக்குள் பார்த்தபோது பெரிய மீனின் வயிற்றிலிருந்து ஏதோ சுருண்டு விழுந்தது. விழுந்தது நிமிர்ந்து நீந்தியது. முட்டை இல்லை, சினை இல்லை. கண்ணும் வாலுமாகக் குட்டி. ஆடு குட்டி போடுவதைப் பார்த்திருக்கிறேன், மாடு கன்று போடுவதைப் பார்த்திருக்கிறேன். மீன் குட்டி போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய்மீன் திரும்பி, தான் போட்ட குட்டியைத் தானே விழுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை விட்டுக் கலக்கி அதை விரட்டினேன். பிறகு கல்லுக்குழிக்கு ஓடி, கை கொள்ளும் மட்டும் வேலம்பாசியைப் பிடுங்கிவந்து பானைக்குள் அடைத்தேன். குட்டிகள் பாசிக்குள் புகுந்து ஒளிந்துகொண்டன. எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

அன்றிலிருந்து மீன் வளர்ப்பு என் தொழில் ஆனது. காலை வெயில் படுகிற பக்கம் பானையை நகர்த்துவேன். குட்டையில் நெளிகிற கொசுப்புழுவைக் கிழிந்த துணியில் அரித்துவந்து போடுவேன். வயிறு சதுரமாகத் தெரிகிற மீன் இரண்டொரு நாளில் குட்டி போடும் என்று கண்டுகொண்டேன். ஆடி பிறப்பதற்குள் முதல் குட்டிகள் வளர்ந்து, சிலவற்றுக்கு வாலில் நிறம் ஏறியது. சாம்பலாகவே நின்றவை வயிறு பெருத்தன. சின்னப் பண்ணாடி தூக்கி எறிந்தவை வாய்க்கால் மீன்கள் இல்லை என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அவை பொட்டைகள்.

அம்மாவின் மனசு கேட்கவில்லை. திருடிய பொருள் நாளுக்கு நாள் பெருகினால் திருட்டும் பெருகுகிறதா இல்லையா? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் பக்கம் ஆடு மாடுகளை வாரத்துக்கு விடுவது வழக்கம். பண்ணாடி தன் ஆட்டைக் கொடுப்பார், நாம் மேய்த்து வளர்க்க வேண்டும். தாய் அவருடையது. குட்டியில் பாதி அவருக்கு, பாதி நமக்கு.

"இதும் வாரம்னு வெச்சுக்க. தாயி ரெண்டும் அவங்களுது. குட்டில பாதி அவங்களுது, பாதி நம்முது. கேட்டா எடுத்துக் குடுத்தறலாம். கேக்கலீன்னா கெடக்கட்டும்."

இரண்டாவது பானை ஒன்று வந்தது. கிழக்கே இருந்தது அவர்கள் பானை, மேற்கே இருந்தது எங்கள் பானை. அமாவாசைக்கு அமாவாசை அம்மா பாகம் பிரிப்பாள். அவர்கள் பானையில் ஒன்று செத்தால் எங்கள் பானையிலிருந்து ஒன்றை எடுத்து அங்கே விடுவாள். வாரத்து ஆடு செத்தால் தோலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், இதற்குத் தோலை எங்கே உரிப்பது என்று அலுத்துக்கொள்வாள். தங்களுக்கு இப்படி ஒரு மந்தை இருப்பது தெரியாமலே பண்ணாடி வீடு செழித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் வீட்டுத் தொட்டி செழிக்கவில்லை. காலேஜுக்குத் திரும்பிப் போகும்போது சின்னப் பண்ணாடி, மீன் முட்டை இடும், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று தாயாரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தினமும் அரிசிமாவு தூவியது பண்ணாடிச்சிதான். முட்டை இடுமா இடுமா என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தனையும் கடுவன். முட்டைக்கு எங்கே போகும்? ஒவ்வொன்றாகச் செத்து, ஆடி முடிவதற்குள் தொட்டி காலி. அதற்குள் விதைக் கடலையைக் கொட்டி வைத்தார்கள். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு அரித்தது. அம்மா ஒரே பார்வையில் அந்த அரிப்பைத் தீர்த்துவிடுவாள்.

புரட்டாசியில் மழை விடாமல் பெய்தது. மழை நின்றதும் குளிர்காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப்பேர், வளவில் முக்கால்பேர். அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். சைக்கிளில் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கொய்னா மாத்திரை கொடுத்தார். பண்ணாடி வீட்டுச் சேந்து கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் சேந்தச் சொல்லிப் பார்த்தார். கொசுப்புழு நெளிந்தது. கிணற்றில் சின்ன மீன்களை விடவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் வந்து தானே மண்ணெண்ணெய் ஊற்றிவிடுவதாகச் சொன்னார்.

ஊரே குடிக்கிற கிணறு அது. மண்ணெண்ணெய் என்றதும் பண்ணாடிக்குக் கலங்கிவிட்டது. அதுவும் எந்தச் சமயத்தில்! மகளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மார்கழி பிறப்பதற்குள் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொண்டு, தையில் கல்யாணம் என்று பேச்சு. வருகிற சம்பந்திக்கு மண்ணெண்ணெய்த் தண்ணீரா கொடுப்பது? எங்கிருந்தாவது மீன் பிடித்துவா என்று அப்பாவை ஏவினார்.

அப்பா காய்ச்சலோடு ஏரிக்குப் போய்க் கெண்டைக் குஞ்சும் அயிரையும் பிடித்துவந்தார். கிணற்றில் விட்டார்கள். இரண்டாம் நாள் அத்தனையும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. தண்ணீர் நாறிப்போய், அவற்றை அரித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செத்த மீன் இனி ஒன்று மிதந்தாலும் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டாதே என்று பண்ணாடி சொல்லிவிட்டார். அப்பா வந்து சுவரோரம் உட்கார்ந்தார். எங்களுக்கு இருந்த குடிசையும் பண்ணாடி இடத்தில்தான் இருந்தது.

நான் மெதுவாகக் கொல்லைப்பக்கம் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

அன்று வீட்டில் நடந்த பேச்சு முழுக்கக் கிசுகிசுப்புத்தான். மீன் அவர்களுடையது, அதைக் கொடுப்பதில் அம்மாவுக்குத் தடை இல்லை. வாரத்துப் பாகத்தை ஒப்படைத்தால் பாரம் குறையும் என்றே நினைத்தாள். அவளை நிறுத்தியது தண்ணீர். பிறந்ததிலிருந்து எங்கள் பானைத் தண்ணீரில் கிடந்த மீன் அது. அது போய்ச் சேந்து கிணற்றில் விழுந்தால்?

அடுத்த ஊரில் எங்கள் ஆள் ஒருவர், தாகம் தாங்காமல், யாரும் இல்லாத நேரத்தில் சேந்து கிணற்றில் கயிறு போட்டுவிட்டார். அவருக்கு என்ன நடந்தது என்பதை அப்பா என் முன்னால் சொன்னதில்லை. கிணற்றுக்கு நடந்ததைச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் தண்ணீர் முழுவதையும் இறைத்து, சேற்றை வாரி, பூசை போட்டார்கள். அது முடியும்வரை அந்தக் கிணற்றில் குடித்த வீடுகளில் உறவுக்காரர்கள் கை நனைக்கவில்லை. ஒரு வீட்டில் பேசிவைத்த சம்பந்தமே நின்றுபோயிற்று.

நாங்கள் தண்ணீர் எடுக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி ஒரு கல் உண்டு. அதன்மேல் பானையை வைத்துவிட்டு விலகி நிற்போம். அவர்கள் வீட்டில் யாருக்காவது மனசும் நேரமும் சேர்ந்து வரும்போது வாளியில் சேந்தி, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். வாளி பானையில் படாது. நடுவில் தண்ணீர் மட்டும் இறங்கும். மீன் பானைகளில் இருந்ததும் அப்படி வாங்கிய தண்ணீர்தான். அவர்கள் கிணற்றுத் தண்ணீர் எந்த இடத்தில் எங்கள் தண்ணீராக மாறியது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அம்மா வாயை மூடச் சொன்னாள்.

கடைசியில் அப்பாவின் காய்ச்சல்தான் முடிவு செய்தது. இன்னொரு முறை ஏரிக்குப் போக அவரால் முடியாது. அவர் போய்ப் பண்ணாடி வீட்டுத் தகர வாளியைக் கேட்டு வாங்கி, அவர்கள் கையாலேயே கிணற்றுத் தண்ணீரை அதில் ஊற்றவைத்து, கல்லுக்குழி ஓரம் கொண்டுவந்து வைத்தார். குடிசைக்குக் கொண்டுவரவில்லை. நாங்கள் இரண்டு பானைகளையும் அங்கே தூக்கிப் போனோம். வாலில் நிறம் உள்ள ஒன்றுகூடப் போகக்கூடாது என்று அப்பா சொன்னார். நிறத்தைப் பார்த்தால் யாருடைய மீன் என்று தெரிந்துவிடும். சாம்பல் மீன் என்றால் கல்லுக்குழியில் பிடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிணற்றுக்கு நாற்பது சாம்பல் மீனாவது வேண்டும் என்றார் அப்பா. அவர்கள் பானையில் இருபத்தாறுதான் இருந்தது. மீதிப் பதினாலை எங்கள் பானையிலிருந்து கொடுத்து, பதினாலு சீலைமீனை அவர்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டாள் அம்மா. அந்தப் பதற்றத்திலும் பாகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஒவ்வொரு மீனாக உள்ளங்கையில் ஏந்தி, விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் முழுவதும் வடியும்வரை காத்திருந்து, வாளியில் விட்டேன். "ஒரு சொட்டுப் போவக்கூடாது புள்ள" என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

பண்ணாடி தன் கையாலேயே வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிக் கிணற்றில் கவிழ்த்தார். மீன்கள் சாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, இதுதான் சரியான மீன் என்று மெச்சினாராம். மண்ணெண்ணெய் வரவில்லை. பண்ணாடி அப்பாவுக்கு ஒரு வல்லம் ராகி அளக்கச் சொன்னார். அன்று இரவு எங்கள் வீட்டில் எல்லாரும் வயிறு நிறையக் களி தின்றோம். அப்பாகூட ஒரு தடவை சிரித்தார்.

மூன்றாம் நாள் எங்கள் பானையில் மிச்சம் இருந்த ஒரு சாம்பல் மீன் குட்டி போட்டது. நான் வழக்கம்போலப் பாசியை அடைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டோ பதிமூன்றோ எண்ணும்போது கணக்கை விட்டுவிட்டேன். கிணற்றில் விட்ட நாற்பதும் பொட்டைகள். நாற்பதும் வயிறு பெருத்தவை. அவை போடும் குட்டியில் பாதி கடுவனாக இருக்கும். ஒன்றரை மாதத்தில் கடுவன் வாலில் நிறம் ஏறும்.

நிறத்தை மறைப்பதாக நினைத்து நாங்கள் நாற்பது தாய்களைக் கிணற்றுக்குள் அனுப்பியிருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்றாள். அவருக்கு அன்று காய்ச்சல் நாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சீலைமீன் ஊரில் ஒரே வீட்டில்தான் இருந்தது. அங்கே செத்து ஒழிந்தது மறுபடி கிணற்றில் முளைத்தால், யார் வைத்திருந்தார்கள் என்று கேட்பார்கள். கல்லுக்குழியில் பிடித்தேன் என்று சொன்னவர் யார் என்று கேட்பார்கள். எங்கே வளர்த்தாய், எந்தத் தண்ணீரில் வளர்த்தாய் என்று கேட்பார்கள். அப்பாவைப் புளியமரத்தில் கட்டிவைத்திருப்பதாகப் பட்டப்பகலில் என் கண்ணுக்குத் தெரியும். இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து அவர்கள் வீட்டில் யாராவது செத்துப்போவார்கள் என்று நான் மனசார நம்பினேன். நாங்கள் தொட்ட தண்ணீர் அவர்களுக்கு ஆகாது என்று சொல்லித்தானே வளர்த்திருந்தார்கள். ஆகாது என்றால் விஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பண்ணாடிச்சி ஒருநாள் இருமினார். இரண்டு நாள் நான் தூங்கவில்லை.

கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவும் வழி இல்லை. பத்தடிக்கு இப்பால் நிற்கிறவளுக்குக் கைப்பிடிச் சுவர்தான் தெரியும். வாளி மேலே வரும்போது அதன் விளிம்பைப் பார்ப்பேன். ஊற்றும்போது விழுகிற தண்ணீரைப் பார்ப்பேன். நிறமாக ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்துப் பார்த்து, செம்பருத்தி இதழ் ஒன்று விழுந்ததற்கெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் கனம் கிணற்றுக்குள் குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகை மாதக் கடைசியில், நல்ல நாள் பார்த்து, உப்புச் சர்க்கரை மாற்ற மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். விடிந்து ஒரு நாழிகைக்குள் மூன்று வண்டிகள் வாசலில் நின்றன. மாடுகளின் கழுத்து மணிச் சத்தம் கட்டுத்தரைவரை கேட்டது. அம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவசர நாளில் யாரும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள் என்று தெரிந்தும் நான் பானையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நின்றேன். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பாவுக்கு அன்றும் காய்ச்சல்.

பண்ணாடிச்சியே கிணற்றடிக்கு வந்தார். பட்டுச் சீலை கட்டியிருந்தார். வந்தவர்களுக்குக் குடிக்கப் புதுத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தானே வந்திருக்கவேண்டும். வாளியை இறக்கிச் சேந்தி, சுவர்மேல் வைத்து, குடத்தில் சாய்க்கப் போனவர் நின்றுவிட்டார். வாளிக்குள் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். பங்குனியிலிருந்து ஆடிவரை கண்ணாடியில் நெற்றி வைத்துப் பார்த்த கண் அது. அதற்குத் தெரியாமல் இருக்குமா?

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அங்கே இருந்தது நான் ஒருத்திதான்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கல்லுக்குழி என்று சொல்லியிருப்பேன். கேட்காததால் ஒன்றரை மாதமாகத் தொண்டையில் நின்றது எல்லாம் தானாக வெளியே வந்துவிட்டது.

"எங்க ஊட்டுப் பானைல வளந்த மீனுங்க சாமி. நாந்தானுங்க வளத்தேன். எங்கையாலதானுங்க எடுத்து உட்டேன். எங்கப்பாவ அடிக்கச் சொல்லாதீங்க சாமி. நீங்க யாருஞ் செத்துறாதீங்க சாமி."

வீட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் சிரிப்பு கேட்டது. யாரோ ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார். இதோ வருகிறது என்று பண்ணாடியின் குரல் பதில் சொன்னது. பண்ணாடிச்சி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். கல்லுக்கு அருகே வந்து நின்று, ஒரு முழ உயரமெல்லாம் பார்க்காமல், பானையின் வாயை ஒட்டி, மீனோடு சேர்த்து அத்தனை தண்ணீரையும் ஊற்றினார். வாளியின் விளிம்பு பானையில் இடித்தது.

"ஆருகிட்டயுஞ் சொல்லீராத சாமி" என்றார். குரல் காற்று மாதிரி வந்தது. "உங்கம்மாகிட்டயுஞ் சொல்லிரு, ஆருகிட்டயும் மூச்சு உடவேண்டாம்னு. போ சாமி, போ."

நான் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி வாளியைக் கிணற்றில் இறக்கிச் சேந்திக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் ஓடினேன்.

அம்மா கட்டுத்தரையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அடி இல்லை, திட்டு இல்லை, மீனையும் எனக்கே கொடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, என்னைச் சாமி என்றார். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. பண்ணாடிச்சிக்கு என்மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் அப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. பானைக்குள் பார்த்தாள். நீல வாலும் ஓரத்தில் மஞ்சளுமாக ஒரு பொடிக் கடுவன் சுற்றிக்கொண்டிருந்தது. கிணற்றில் பிறந்ததை எந்தப் பானையில் விடுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்கள் பானையில் விடு, அவர்களே கொடுத்தது என்று நான் சொன்னேன். விட்டாள்.

தையில் கல்யாணம் நடந்தது. கிணற்றை யாரும் இறைக்கவில்லை, பூசை போடவில்லை. பண்ணாடிச்சி அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். ஊரும் குடித்தது. யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் நான் அந்தக் கல்லின்மேல் பானையை வைத்திருக்கிறேன். அவர் ஊற்றியிருக்கிறார், பழையபடி ஒரு முழ உயரத்திலிருந்து. இன்னொரு தடவை சாமி என்பார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்து நிற்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் பிரியம் விட்டுப்போயிற்று என்று ஏங்கியிருக்கிறேன்.

அன்று ஓடுவதற்கு முன் திரும்பிப் பார்த்தேன் என்றேனே, அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். சேந்திக்கொண்டிருந்த அவர் கைகள் நடுங்கின. கயிறும் அதோடு சேர்ந்து நடுங்கியது. வாளி நிறையத் தண்ணீர், கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.